212-ல் நின்றுபோகும் ஸ்டெப் கவுண்டர்

கேள்வி: எனக்கு 63 வயது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. மதுரையில் இருக்கிறேன். சர்க்கரை இருப்பதால் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். காலையில் சித்திரை வீதியில் மூன்று சுற்று வருவேன். வெள்ளிக்கிழமை மட்டும் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள், ஆடி வீதியில். லீவுக்கு வந்த மகன் என் ஆண்ட்ராய்டு போனில் ஸ்டெப் எண்ணும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். அவன் இருந்தவரை ஒழுங்காக ஓடியது. இப்போது பல நாள் 212, 300 என்று நின்றுவிடுகிறது. போனைத் திறந்து ஆப்பைத் தொட்டால் அந்த எண்ணிலிருந்தே மறுபடி தொடங்குகிறது. ஆட்டோவில் போனால் உட்கார்ந்தபடியே எண் ஏறுகிறது. கூடவே நடக்கும் பக்கத்து வீட்டு சாருக்கு (நல்ல உயரம்) 6,000 என்றால் எனக்கு நல்ல நாளிலேயே 4,100 தான். ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று இன்னொரு ஆப் போட்டேன். இரண்டும் இரண்டு கணக்கு சொல்கின்றன. 10,000-ஐ ஒருநாளும் தொட்டதில்லை. போன் சரியில்லையா, ஆப் சரியில்லையா, என் நடை சரியில்லையா? கோயிலுக்குள் நடப்பதை எப்படிச் சேர்ப்பது?

- ஒரு வாசகி, மதுரை

அம்மா, வணக்கம்.

உங்கள் நடையில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் எழுதிய எண்களே அதைச் சொல்கின்றன. ஒருவர் எட்டு வைக்கும் நீளம் பொதுவாக அவர் உயரத்தில் 41 சதவீதம் அளவுக்கு இருக்கும். ஆப்களும் ஏறக்குறைய இந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கின்றன. உங்கள் உயரம் ஐந்து அடி என்றும், பக்கத்து வீட்டு சார் ஐந்தே முக்கால் அடி என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் எட்டு 62 சென்டிமீட்டர், அவருடையது 72. ஒரே வீதியில் சேர்ந்து நடக்கும்போது அவர் 6,000 எட்டு வைத்தால், நீங்கள் 6,900-க்குப் பக்கத்தில் வைத்தாக வேண்டும். குள்ளமானவருக்குத்தான் ஸ்டெப் அதிகம் வர வேண்டும். உங்கள் போனோ 4,100 என்கிறது. அப்படியானால் பத்து எட்டில் நாலை அது கோட்டை விடுகிறது. பழுது போன் பக்கம்தான், அதுவும் பெரும்பாலும் செட்டிங்கில். பத்து நிமிட வேலை.

போன் எப்படி எண்ணுகிறது என்று முதலில் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. எல்லா ஸ்மார்ட்போனிலும் அக்சலரோமீட்டர் என்ற சின்ன சென்சார் இருக்கிறது. போன் எந்தப் பக்கம் எவ்வளவு குலுங்குகிறது என்று அளப்பது அதன் வேலை. நாம் சாதாரணமாக நடக்கும்போது வினாடிக்கு இரண்டு எட்டு என்ற கணக்கில் சீரான குலுக்கல் வரும். அந்தத் தாளத்தைப் பிடித்துத்தான் போன் எண்ணுகிறது. 2013-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.4-லிருந்து, ஸ்டெப் எண்ணுவதற்கென்றே தனி சென்சாருக்கு வழி செய்தார்கள். திரை அணைந்திருந்தாலும், எந்த ஆப்பும் திறந்திருக்காவிட்டாலும், கொஞ்சம் பேட்டரியை மட்டும் எடுத்துக்கொண்டு அது எண்ணிக்கொண்டே இருக்கும். போனை ஆன் செய்ததிலிருந்து மொத்தம் எத்தனை என்று ஒரே ஒரு எண்ணை வைத்திருக்கும், அவ்வளவுதான். ஆப் அவ்வப்போது வந்து அந்த எண்ணைப் படித்து, போன தடவைக்கும் இப்போதைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கில் சேர்க்கிறது. வீட்டு கரண்ட் மீட்டர் மாதிரிதான். ரீடிங் எடுப்பவர் நாலு நாள் தாமதமாக வந்தாலும் யூனிட் எங்கேயும் போய்விடாது, மொத்தமாக வந்து சேரும்.

ஆக, நல்ல ஆப்பும் அந்த சென்சாரும் சேர்ந்திருந்தால், 212-ல் நின்ற எண் நீங்கள் ஆப்பைத் திறந்ததும் சில நொடியில் 3,000, 4,000 என்று குதிக்க வேண்டும். உங்களுக்குக் குதிக்கவில்லை, நின்ற இடத்திலிருந்தே நகர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரி எனக்குப் பெரிய உதவி. உங்கள் ஆப் தானே அக்சலரோமீட்டரைக் கவனித்து எண்ணும் வகை என்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். போனில் தனி சென்சார் இல்லாமலிருக்கலாம், அல்லது இருந்தும் ஆப் அதைப் பயன்படுத்தாமலிருக்கலாம். இந்த வகை ஆப் நாள் முழுக்க விழித்திருந்தால்தான் எண்ணும். போனோ, பேட்டரியை மிச்சப்படுத்துவதாக நினைத்து அதைத் தூங்க வைக்கிறது. தூங்கிய நேரத்து எட்டுகள் போனது போனதுதான், திரும்பி வராது.

மகன் இருந்தவரை ஏன் ஓடியது? புது ஆப் என்பதால் நீங்கள் இருவரும் அடிக்கடி திறந்து பார்த்திருப்பீர்கள். அடிக்கடி திறக்கும் ஆப்பில் போன் எளிதில் கை வைக்காது. அவர் ஊருக்குப் போனதும் பார்ப்பது குறைந்திருக்கும், போனும் அதை ஓரங்கட்டியிருக்கும்.

சரி, வேலையை ஆரம்பிப்போம். முதலில் இரண்டு ஆப்பில் ஒன்றை நீக்கிவிடுங்கள். இரண்டு ஆப் வைத்து ஒப்பிடுவதில் பயனே இல்லை. எது குலுக்கல், எது எட்டு என்று பிரிக்கும் கணக்கு ஒவ்வொன்றிலும் வேறு. ஒன்று அன்றைய கணக்கைச் சரியாக நள்ளிரவில் முடிக்கும், இன்னொன்று கொஞ்சம் தள்ளி முடிக்கும். இரண்டும் பொருந்தாமல் போவதுதான் இயல்பு. எதை வைத்துக்கொள்வது? போன் கம்பெனியே தரும் ஹெல்த் ஆப் உங்கள் போனில் ஏற்கெனவே இருந்து, அது ஸ்டெப் எண்ணுகிறது என்றால் அதுதான் என் முதல் தேர்வு. சாம்சங் போனில் சாம்சங் ஹெல்த் இருக்கும். கம்பெனி தன் சொந்த ஆப்பைத் தூங்க வைப்பது அபூர்வம்.

வைத்துக்கொண்ட ஆப்புக்கு மூன்று இடத்தில் கை வைக்க வேண்டும்.

முதலாவது அனுமதி. செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் உங்கள் ஆப், அதற்குள் பெர்மிஷன்ஸ். அங்கே 'பிசிக்கல் ஆக்டிவிட்டி' என்று ஒன்று இருக்கும். 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10-லிருந்து இந்த அனுமதி இல்லாமல் எந்த ஆப்பும் ஸ்டெப் சென்சாரைத் தொட முடியாது. அது 'அலவ்' என்று இருக்கட்டும். அதே பக்கத்தைச் சுற்றி, ஆப் பயன்படாமல் இருந்தால் நிறுத்தி வை என்ற பொருளில் 'பாஸ் ஆப் ஆக்டிவிட்டி இஃப் அன்யூஸ்ட்' என்றோ, 'ரிமூவ் பெர்மிஷன்ஸ்' என்றோ ஒரு சுவிட்ச் தெரியும். அதை அணைத்துவிடுங்கள். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஆண்ட்ராய்டு 11 முதல், சில மாதம் திறக்காமலே கிடக்கும் ஆப்புக்குக் கொடுத்த அனுமதிகளை போன் தானாகவே திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஸ்டெப் கவுண்டரை யாரும் திறக்க வேண்டிய அவசியமே இல்லையே, பையில் இருந்தபடி எண்ணினால் போதும்! போனுக்கு அது புரியாது.

இரண்டாவது, உங்கள் விஷயத்தில் முக்கியமானது, பேட்டரி. அதே ஆப் பக்கத்தில் 'பேட்டரி' என்பதைத் தொட்டு, 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில கம்பெனி போன்களில் இது மட்டும் போதாது, அவர்களே கூடுதலாக ஒரு பூட்டு போட்டிருப்பார்கள். நீங்கள் எந்த போன் என்று எழுதவில்லை, அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். சாம்சங்கில் பேட்டரி பகுதியில் 'பேக்ரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ்' என்று இருக்கும். அதற்குள் தூங்கும் ஆப்களின் பட்டியலில் உங்கள் ஆப் இருந்தால் வெளியே எடுத்து, ஒருபோதும் தூங்காத ஆப்கள் பட்டியலில் சேருங்கள். ரெட்மி, போக்கோ போன்களில் 'ஆட்டோ ஸ்டார்ட்' சுவிட்சை ஆன் செய்து, பேட்டரி சேவரில் 'நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' வையுங்கள். ஒப்போ, ரியல்மி என்றால் 'அலவ் பேக்ரவுண்ட் ஆக்டிவிட்டி', 'அலவ் ஆட்டோ லாஞ்ச்' இரண்டும் ஆன். விவோவில் பேட்டரிக்குள் பின்னணி மின்செலவை நிர்வகிக்கும் பகுதியில் கட்டுப்பாடு வேண்டாம் என்று கொடுங்கள். வெர்ஷனுக்கு வெர்ஷன் பெயரும் இடமும் கொஞ்சம் மாறும். தேடி அலைய வேண்டாம். செட்டிங்ஸின் மேலே தேடும் கட்டம் இருக்கிறது, அதில் 'பேட்டரி' அல்லது 'ஆட்டோ' என்று அடித்தால் வந்து நிற்கும்.

மூன்றாவது செட்டிங் இல்லை, பழக்கம். வேலை முடிந்ததும் திறந்திருக்கும் ஆப்களையெல்லாம் ஒன்று விடாமல் மேலே தள்ளி மூடும் வழக்கம் நம்மில் பாதிப் பேருக்கு உண்டு. போன் வேகமாகும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். வேகமெல்லாம் ஆகாது. சில போன்களில் அப்படித் தள்ளினால் ஸ்டெப் கவுண்டர் அங்கேயே அடங்கிவிடும். அந்தப் பட்டியலில் உங்கள் ஆப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் பூட்டுப் படம் வரும். பூட்டிவிட்டால் மொத்தமாகத் தள்ளும்போதும் தப்பிக்கும். போனைச் சுத்தம் செய்கிறேன் என்று சொல்லும் கிளீனர் ஆப் ஏதாவது இருந்தால் தயவு தாட்சண்யம் பார்க்காமல் நீக்குங்கள். மேலே அறிவிப்புப் பட்டியில் 'இன்று இத்தனை ஸ்டெப்' என்று நிரந்தரமாக ஒரு வரி நிற்கிறதா? உறுத்தினாலும் அதை நிறுத்த வேண்டாம். ஆப் விழித்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இதெல்லாம் முடிந்ததும் சோதித்துப் பாருங்கள். ஆப்பில் உள்ள எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு, திரையை அணைத்து, வழக்கமாக வைக்கும் இடத்தில் போனை வைத்து, வாய்விட்டு எண்ணியபடி சரியாக 100 எட்டு நடங்கள். வீட்டு ஹாலில் வேண்டாம், நாலு எட்டுக்கு ஒருதரம் திரும்பினால் கணக்கு கெடும். தெருவில் நேராக நடங்கள். நடந்து முடித்ததும் உடனே பார்க்காமல் பதினைந்து நொடி நில்லுங்கள். சென்சார் எண்ணைச் சுடச்சுடத் தராது, பத்து நொடி வரை பிந்தும். 95-லிருந்து 105-க்குள் கூடியிருந்தால் அருமை. ஒன்றுமே கூடவில்லை என்றால் அனுமதியில் கோளாறு. 60, 70 என்றால் போன் இருக்கும் இடம் சரியில்லை. அப்புறம் போனைத் தொடாமல் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, திரையை ஆன் செய்யாமலே எடுத்து வைத்துக்கொண்டு, இன்னொரு 100 எட்டு. முதல் சோதனையில் சரியாக வந்து இதில் வராமல் போனால், பேட்டரி விஷயம் இன்னும் தீரவில்லை, மேலே சொன்னதில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவது சோதனையைத்தான் யாரும் செய்வதில்லை. முதலாவதைச் செய்து பார்த்து, சரியாகிவிட்டது என்று நிம்மதியாகி, மறுநாள் காலையில் மறுபடி 212-ல் வந்து நிற்பார்கள்.

இனி போனை வைக்கும் இடம். நீங்கள் கைப்பையில் வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். தோளில் தொங்கும் பை நம் நடையோடு சேர்ந்து குலுங்காது, தன் போக்கில் ஆடும்; எட்டின் அதிர்வு பாதி அதிலேயே கரைந்துவிடும். பேன்ட் பாக்கெட் தொடையோடு ஒட்டியிருப்பதால் பக்கத்து வீட்டு சாருக்குக் கணக்கு நன்றாக வருகிறது. புடவைக்குப் பாக்கெட் இல்லாத குறைக்கு ஆப் எழுதுகிறவர்கள் பொறுப்பேற்பதில்லை! இடுப்பில் கட்டும் பெல்ட் பை நல்லது. அது பிடிக்காவிட்டால் வாரைச் சுருக்கி உடம்போடு ஒட்டி நிற்கும் சின்னப் பையைக் குறுக்காக மாட்டிக்கொள்ளுங்கள். கையில் பிடித்து வீசி நடந்தாலும் பரவாயில்லை, ஆனால் போனைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கை அசையாது, எண்ணும் குறையும்.

முழங்கால் வலியோ வேறு காரணமோ இருந்து மெதுவாக, காலை அதிகம் தூக்காமல் நடப்பவராக இருந்தால் எந்த போனும் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். சமையலறையில் நாலு எட்டு இங்கே, மூன்று எட்டு அங்கே என்று நடப்பதும் பெரும்பாலும் பதிவாகாது. குறைந்தது ஏழெட்டு ஸ்டெப் தொடர்ந்து வந்தால்தான் நடை என்று பல போன்கள் ஒப்புக்கொள்ளும். வெறும் கை அசைவை எட்டு என்று எண்ணிவிடாமல் இருக்கவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஆட்டோவில் ஏறுவதும் இதே கணக்கின் மறுபக்கம்தான். மேடு பள்ளத்தில் வரும் குலுக்கல் தற்செயலாக நடையின் தாளத்தில் அமைந்துவிட்டால் போன் ஏமாறும். சில ஆப்களில் 'சென்சிட்டிவிட்டி' என்று ஒரு அளவு இருக்கிறது. அதைக் குறைத்தால் ஆட்டோ கணக்கு அடங்கும், கூடவே உங்கள் மெதுநடையும் விழுந்துவிடும். அதனால் தொடாதீர்கள். காலை நடை முடிந்ததும் எண்ணைப் பார்த்து ஒரு டைரியில் குறித்துவிட்டால், பிறகு ஆட்டோவில் எத்தனை ஏறினால் நமக்கென்ன?

எட்டின் நீளம் என்று ஆப்பில் ஒரு கட்டம் இருக்கும். அதை மாற்றினால் ஸ்டெப் எண்ணிக்கை மாறாது, கிலோமீட்டர் மட்டும்தான் மாறும். சரியாகக் கொடுக்க ஆசை இருந்தால் தெருவில் 20 எட்டு வழக்கம்போல நடந்து, தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் இடையே டேப் பிடித்து அளந்து, 20-ஆல் வகுங்கள். கலோரி என்று அது காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். உயரம், எடை, ஸ்டெப் இவற்றை வைத்துப் போட்ட உத்தேசம் அது. அதைப் பார்த்துத் திரும்பும் வழியில் இரண்டு வடை என்று முடிவு செய்யக் கூடாது.

கோயில் விஷயத்துக்கு வருகிறேன். போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். உங்களோடு வராத போன் உங்களை எண்ண முடியாது. ஆனால் கணக்கு டீச்சராக இருந்தீர்களோ என்னவோ, இதற்குக் கணக்கே போதும். கோயிலின் வெளி மதில் ஒரு பக்கம் சுமார் 254 மீட்டர், மறு பக்கம் சுமார் 237 மீட்டர். நான்கு பக்கமும் சேர்த்தால் 980 மீட்டர். ஆடி வீதி மதிலுக்கு உள்ளே இருப்பதால் ஒரு சுற்று 900 மீட்டருக்குப் பக்கத்தில் வரும். உங்கள் எட்டு 62 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 1,450 எட்டு. சித்திரை வீதி மதிலுக்கு வெளியே, அதனால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும், 1,650-க்கு மேல் வர வேண்டும். இதை உங்கள் போனுக்கும் ஒரு பரீட்சையாக வைத்துக்கொள்ளலாம். செட்டிங் எல்லாம் சரி செய்தபின் சித்திரை வீதியில் ஒரே ஒரு சுற்று வந்து எண்ணைப் பாருங்கள். 1,000 என்று காட்டினால் இன்னும் விடுகிறது. 1,650, 1,700 என்றால் நம்பலாம். வெள்ளிக்கிழமைக் கணக்கை ஆப்பில் சேர்க்க வேண்டுமானால், சாம்சங் ஹெல்த் போன்றவற்றில் உடற்பயிற்சியைக் கையால் பதிவு செய்யும் வசதி உண்டு; நடை, இத்தனை நிமிடம் என்று போட்டுவிடலாம். டைரியில் எழுதினாலும் போதும்.

10,000 பற்றிக் கவலையை விடுங்கள். அது மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்ன எண் இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த உற்சாகத்தில், 1965-ல் யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் ஸ்டெப் மீட்டர் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்தாயிரம் என்பது அந்தக் கருவியின் பெயரிலேயே இருந்தது. விளம்பரத்துக்குப் பொருந்தும் முழு எண், உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. 2019-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர், சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு நாளைக்கு 2,700 ஸ்டெப் நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் போனபோது கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு சாரின் கணக்கை வைத்துப் பார்த்தால், வீட்டிலிருந்து போய் வருவதையும் சேர்த்து, நீங்கள் காலையிலேயே 6,900-க்குப் பக்கத்தில் நடக்கிறீர்கள். ஆப்பில் இலக்கை 7,000 என்று மாற்றிக்கொள்ளுங்கள். நான் போன் மென்பொருள்காரன், டாக்டர் இல்லை. அதற்கு மேல் கூட்டுவது, சர்க்கரை மாத்திரை போடும் நேரம், வெறும் வயிற்றில் நடக்கலாமா என்பதெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியவை.

நீங்கள் கேட்காத ஒன்று. நடந்தால் காசு, கூப்பன் என்று ஆசை காட்டும் ஆப்கள் நிறைய உலவுகின்றன. ஸ்டெப் எண்ணுவதற்கு உங்கள் தொடர்பு எண்களோ, எஸ்எம்எஸ்ஸோ, கேமராவோ தேவையே இல்லை. நீங்கள் இருக்கும் இடம்கூடத் தேவையில்லை. போன வழியை மேப்பில் பார்க்க விரும்பினால் மட்டும் அது வேண்டும். இவற்றையெல்லாம் கேட்கும் ஆப்பை அப்போதே நீக்கிவிடுங்கள். இரண்டாவதாக நீங்கள் போட்ட ஆப் அப்படிப்பட்டதா என்று ஒருமுறை பெர்மிஷன்ஸைத் திறந்து பாருங்கள்.

ஐபோன் வைத்திருக்கும் வாசகர்களுக்கு இத்தனை பாடு இல்லை. 2013-ல் வந்த ஐபோன் 5எஸ் முதல் எண்ணுவதற்குத் தனி சிப் இருக்கிறது. செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் 'மோஷன் அண்ட் ஃபிட்னஸ்' என்பதற்குள் 'ஃபிட்னஸ் டிராக்கிங்' ஆன் ஆக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இவ்வளவும் செய்து, ஒரு மணி நேரம் கழித்துச் செய்யும் சோதனையிலும் எண் நகரவில்லை என்றால், உங்கள் போனில் ஸ்டெப் சென்சாரே இல்லாமல் இருக்கலாம். பிளே ஸ்டோரில் போனின் சென்சார்களைப் பட்டியல் போட்டுக் காட்டும் இலவச ஆப்கள் கிடைக்கும். ஒன்றைப் போட்டு 'ஸ்டெப் கவுண்டர்' என்ற வரி இருக்கிறதா என்று மகனை வீடியோ காலில் பார்க்கச் சொல்லுங்கள். இல்லை என்றால் போனோடு மல்லுக்கட்ட வேண்டாம். கையில் கட்டும் விலை குறைந்த ஃபிட்னஸ் பேண்ட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், புடவையில் போனை எங்கே வைப்பது என்ற பிரச்சினையும் தீரும். அப்போது ஆப்பில் ஸ்டெப் எங்கிருந்து எடுக்க வேண்டும் என்ற இடத்தில் பேண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள், போனையும் விட்டுவைத்தால் சில ஆப்கள் ஒரே நடையை இரண்டு தடவை எண்ணும். வரி இருந்தும் எண் நகரவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். போனின் மாடல், ஆண்ட்ராய்டு வெர்ஷன், ஆப்பின் பெயர், இரண்டு சோதனையிலும் வந்த எண்கள், இவை நான்கும் கடிதத்தில் இருக்கட்டும்.